பீட்டா ரொட்டி சாண்ட்விச்: ரொட்டி சுடுவது முதல் உள்ளீடு நிரப்புவது வரை

கட்டாரிலோ குவைத்திலோ சில ஆண்டுகள் வேலை செய்து திரும்பிய ஒருவரேனும் இல்லாத ஊர் இன்று வன்னியில் அரிது. ஆகவே அவர்கள் ‘குபூஸ்’ என்று சொல்லும் தட்டை ரொட்டி கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் முற்றிலும் புதிய செய்தியன்று. அந்த வகையைச் சேர்ந்ததே பீட்டா ரொட்டி. லெபனான், சிரியா, பாலஸ்தீனம், எகிப்து ஆகிய நாடுகளில் அன்றாட உணவாக இருக்கும் இந்த ரொட்டி, சுடும்போது முழுதாக உப்பி, ஆறியதும் இரண்டு படைகளாகப் பிரிந்து, நடுவில் ஒரு பையை விட்டுவைக்கிறது. அந்தப் பைக்குள் கடலை அரைப்பு, பொரித்த உருண்டை, நறுக்கிய மரக்கறி, தயிர்க் கலவை ஆகியவற்றை நிரப்பினால் அதுவே பீட்டா சாண்ட்விச்.

செய்முறை எளிதாகத் தோன்றினாலும், கையில் எடுத்து இரண்டு கடி கடிப்பதற்குள் அடி கிழிந்து, சாறு மணிக்கட்டில் வழிந்து, எஞ்சியதைக் கோப்பையில் கொட்டி உண்ண வேண்டிய நிலை பலருக்கும் ஏற்படுகிறது. உப்பும் புளிப்பும் உறைப்பும் சரியாக இருந்தும் இப்படி ஆவதற்குக் காரணம் ஈரம். ரொட்டியின் ஒவ்வொரு சுவரும் சில மில்லிமீற்றர் தடிப்பே உடையது. தக்காளிச் சாறு அதை நேரடியாகத் தொட்டால் விரைவில் நைந்துவிடும். எந்தப் பொருளின் நீரை எப்போது அகற்றுவது, எதை ரொட்டியோடு ஒட்டவிடுவது, எதை நடுவில் நிறுத்துவது என்ற மூன்று கேள்விகளுக்கும் முன்கூட்டியே விடை தெரிந்திருந்தால், உள்ளீடு எதுவாக இருந்தாலும் சாண்ட்விச் கையில் நிற்கும்.

ரொட்டி மா

நகரத்துக் கடைகளில் பொதி செய்த பீட்டா கிடைத்தால் வாங்கலாம். ஆனால் பல நாள் இருந்த ரொட்டி உலர்ந்து, திறக்கும்போது மடிப்பில் வெடிக்கும் என்பதால், இயன்றவர்கள் வீட்டில் சுடுவதே நல்லது. தொடக்கம் முதல் முடிவு வரை இரண்டு மணித்தியாலம் போதும். அதிலும் பெரும்பகுதி மா பொங்குவதற்காகக் காத்திருக்கும் நேரமே.

எட்டு ரொட்டிகளுக்கு 500 கிராம் கோதுமை மா, 325 மில்லிலீற்றர் தண்ணீர், 7 கிராம் உடனடி ஈஸ்ட், அதாவது ஏறத்தாழ இரண்டு தேக்கரண்டி, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சீனி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் ஆகியவை தேவை. கோதுமை மாவில் மூன்றில் ஒரு பங்கை ஆட்டா மாவாக மாற்றினால் மணமும் நிறமும் கூடும். ஆனால் ஆட்டா மா கூடுதலாக நீரை உறிஞ்சும் என்பதால் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். முழுவதும் ஆட்டாவில் செய்தால் ரொட்டி உப்புவது கடினமாகும். பழகிய பின்னர் முயல்வதே உகந்தது.

ஈஸ்ட் உயிருள்ள பொருள். 55 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட தண்ணீரில் அது இறந்துவிடும். குளிர்நாட்டுச் சமையற் குறிப்புகள் இளஞ்சூட்டுத் தண்ணீரைக் கேட்பது அவர்களது குழாய்த் தண்ணீர் குளிர்ந்திருப்பதனாலேயே. வன்னியில் கிணற்றுத் தண்ணீரை அப்படியே பயன்படுத்தலாம். மாறாக, வெயிலில் நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தாங்கியிலிருந்து மதிய வேளையில் வரும் தண்ணீரை விரல் வைத்துப் பார்க்காமல் மாவில் ஊற்றக்கூடாது.

மா, ஈஸ்ட், சீனி, உப்பு ஆகியவற்றைக் கலந்து, தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் நன்றாகக் குழைக்க வேண்டும். தொடக்கத்தில் கையில் ஒட்டும் மா, குழைக்கக் குழைக்க வழவழப்பாகி, விரலால் அழுத்தினால் மெல்ல மேலெழும் பதத்துக்கு வரும். ஒட்டுகிறதே என்று அஞ்சி மேலும் மேலும் மா தூவுவது இங்கு பெரும்பாலானோர் செய்யும் தவறு. கோதுமை ரொட்டிக்குக் குழைக்கும் இறுக்கமான பதம் இதற்கு ஆகாது. பையை உண்டாக்குவது மாவுக்குள் இருக்கும் நீரே, ஆகவே மா சற்று இளக்கமாகவே இருக்க வேண்டும்.

குழைத்த மாவை எண்ணெய் தடவிய பாத்திரத்தில் வைத்து, ஈரத் துணியால் மூடிவிட வேண்டும். வெயில் மாதங்களில் நாற்பது நிமிடங்களிலேயே அது இரு மடங்காகிவிடும். மாரி காலத்தில் ஒரு மணித்தியாலம் வரை எடுக்கலாம். கடிகாரத்தைவிட மாவின் பருமனையே நம்ப வேண்டும். பொங்கிய மாவை எட்டாகப் பிரித்து உருண்டைகளாக்கி, பத்து நிமிடம் ஓய்வு கொடுத்து, ஒவ்வொன்றையும் 17 சென்ரிமீற்றர் அகலமும் 5 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட வட்டமாக உருட்ட வேண்டும். வட்டம் கோணலாக இருந்தால் குற்றமில்லை. ஆனால் தடிப்பு எங்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஓரத்தை மெல்லியதாகவும் நடுவைத் தடிப்பாகவும் விட்டால் ஓரம் முதலில் காய்ந்து, பை பாதியிலேயே நின்றுவிடும். உருட்டிய வட்டங்களை மேலும் பத்து நிமிடம் துணிக்கடியில் வைக்க வேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் இந்தத் துணி மிக முக்கியம். மேற்பரப்பு காய்ந்து தோல் போலாகிவிட்ட வட்டம் சுடும்போது வெடித்து, ஆவியை வெளியே விட்டுவிடும்.

சுடுதல்

பை உருவாகும் விதத்தைப் புரிந்துகொண்டால் சுடுவதில் உள்ள குழப்பம் பெரும்பாலும் தீரும். கடும் வெப்பம் பட்டவுடன் வட்டத்தின் மேல் முகமும் கீழ் முகமும் விரைவாக இறுகிவிடுகின்றன. நடுவில் இன்னும் ஈரமாக இருக்கும் மாவிலுள்ள நீர் ஆவியாகி, வெளியேற வழியின்றி, இரண்டு முகங்களையும் ஒன்றிலிருந்து ஒன்று தள்ளிப் பிரிக்கிறது. வெப்பம் குறைவாக இருந்தால் நீர் மெதுவாகக் கசிந்து போய்விடும். ரொட்டி வேகும், ஆனால் பிரியாது.

மின் அல்லது எரிவாயு வெதுப்பி வைத்திருப்பவர்கள் அதை 250 பாகைக்கு ஏற்றி, வெறும் இரும்புத் தட்டை உள்ளே அரை மணித்தியாலம் காயவிட்டு, அதன்மேல் வட்டத்தை இட்டால் மூன்று நான்கு நிமிடங்களில் ரொட்டி உப்பி வெந்துவிடும். விறகில் எரியும் போறணை உள்ள வெதுப்பகம் அருகில் இருந்தால், பாண் சுட்டு முடிந்த பின்னர் எஞ்சும் சூட்டில் சில ரொட்டிகளைச் சுட்டுத் தரும்படி கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. போறணையின் கல்தளம் இந்த ரொட்டிக்கென்றே அமைந்தது.

ஆனால் பெரும்பாலான வீடுகளில் இருப்பது தடித்த இரும்புத் தோசைக்கல்லே, அதுவும் போதும். கல்லில் எண்ணெய் தடவக்கூடாது. ஒரு சிட்டிகை மாவைத் தூவினால் சில விநாடிகளில் பழுப்பாக மாறும் அளவுக்குக் கல் காய்ந்திருக்க வேண்டும். வட்டத்தை இட்டு, சிறு கொப்புளங்கள் தெரியும்வரை, ஏறத்தாழ அரை நிமிடம், ஒரு பக்கம் வாட்டித் திருப்ப வேண்டும். இரண்டாவது பக்கத்தை ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக விட்டு, மீண்டும் திருப்பி, மடித்த துணியால் ஓரங்களை மெதுவாக அழுத்தினால் உள்ளே சிக்கிய ஆவி பக்கவாட்டில் பரவி ரொட்டி முழுதாக எழும்பும். நடுவில் அழுத்தக்கூடாது, எழும்பிய ரொட்டியைக் குத்தவும் கூடாது. விறகடுப்பில் சுடுபவர்கள் சுவாலையைவிடத் தணலையே நம்ப வேண்டும்.

எட்டில் ஒன்றிரண்டு உப்பாமல் போவது இயல்பு. அவற்றை ஒதுக்கி வைத்து, கிரேக்கர்கள் பை இல்லாத பீட்டாவை இறைச்சியைச் சுற்றி மடித்து உண்பதுபோல மடித்து உண்ணலாம்.

சுட்டெடுத்த ரொட்டிகளை உடனே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பருத்தித் துணியால் சுற்றி வைத்தால், அவற்றின் ஆவியே அவற்றை மென்மையாக்கும். சூட்டோடு பிளாஸ்ரிக் பையில் இட்டுக் கட்டினால் ஆவி நீர்த்துளியாகி ரொட்டியை நனைத்துவிடும். ஈரத்துடனான போராட்டத்தில் இங்கேயே தோற்றுப்போகக் கூடாது.

சுவர்களைக் காக்கும் பூச்சு

பீட்டாவின் உட்சுவரில் முதலில் தடவப்படும் தடித்த அரைப்பு சுவைக்காக மட்டும் இடப்படுவதில்லை. எண்ணெய்ச் சத்துள்ள பூச்சு, பின்னர் வரும் மரக்கறிச் சாறு ரொட்டிக்குள் ஊறுவதைத் தாமதப்படுத்துகிறது. மத்திய கிழக்கில் இந்த வேலையை ஹம்முஸ் செய்கிறது. கடலை, தஹினி எனப்படும் எள்ளு விழுது, தேசிக்காய்ச் சாறு, உள்ளி, உப்பு ஆகியவையே அதன் உறுப்புகள்.

250 கிராம் கடலையை அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா கலந்த தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் வேகவைக்க வேண்டும். அப்பச்சோடா கடலையின் தோலை இளக்கி, அரைப்பை மென்மையாக்குகிறது. இரண்டு விரல்களுக்கிடையில் வைத்து அழுத்தினால் எதிர்ப்பின்றி நசியும்வரை வேகவிட வேண்டும். கறிக்கு அவிக்கும் பதம் இதற்குப் போதாது. வெந்த கடலையை நன்றாக வடித்து, 120 கிராம் தஹினி, இரண்டு தேசிக்காயின் சாறு, இரண்டு பல்லு உள்ளி, ஒரு தேக்கரண்டி உப்பு ஆகியவற்றுடன் அரைத்து, குளிர்ந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்தால் அரைப்பு வெளுத்து இலகுவாகும். கோப்பையில் வைத்துத் தொட்டுண்ணும் ஹம்முஸ் இளக்கமாக இருக்கலாம். ரொட்டிக்குள் தடவும் ஹம்முஸ், கரண்டியைக் கவிழ்த்தால் விழாத தடிப்பில் இருக்க வேண்டும்.

தஹினி கடையில் கிடைக்காவிட்டால் வருந்த வேண்டியதில்லை. வன்னியில் விளையும் எள்ளே போதும். ஆனால் தோலுடன் அரைத்தால் கசக்கும். எள்ளைச் சில மணித்தியாலம் ஊறவைத்து, கைகளுக்கிடையில் தேய்த்துத் தோலை நீக்கி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, இளஞ்சூட்டில் நிறம் மாறாமல் வறுத்து, சூடு ஆறுவதற்கு முன் அரைக்க வேண்டும். விழுது இறுகினால் ஒன்றிரண்டு கரண்டி நல்லெண்ணெய் சேர்க்கலாம். அதற்கு மேல் சேர்த்தால் நல்லெண்ணெயின் மணமே மேலோங்கிவிடும்.

இவ்வளவு பாடு வேண்டாம் என்பவர்களுக்கு வறுத்த கச்சானைத் தோல் நீக்கி அரைத்த விழுது நல்ல மாற்று. முறிகண்டியில் பேருந்து நிற்கும்போது வாங்கி வந்த கச்சான் எஞ்சியிருந்தால் அதுவே ஆகும். உப்பிட்டதாக இருந்தால் ஹம்முஸில் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தூய்மை வாதிகள் இதை ஹம்முஸ் என்று ஏற்கமாட்டார்கள், ஆனால் சுவரைக் காக்கும் வேலையை அது குறைவின்றிச் செய்கிறது. எள்ளும் கச்சானும் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால், விருந்தினருக்கோ பாடசாலைப் பிள்ளைகளுக்கோ கொடுக்கும்போது கேட்டறிந்து கொடுக்க வேண்டும்.

உள்ளீட்டின் நடுப்பகுதி: ஃபலாஃபல்

வெள்ளிக்கிழமைகளில் மச்சம் சமைக்காத வீடுகளுக்கு ஃபலாஃபலைவிடப் பொருத்தமான உள்ளீடு இல்லை. எகிப்தில் இதை உலர்ந்த பெரிய அவரை விதையிலும், லெபனான், பாலஸ்தீனப் பகுதிகளில் கடலையிலும் செய்கிறார்கள். வடை சுடத் தெரிந்த கைக்கு இது ஒரு பொழுதில் வசப்படும். ஊறிய பருப்பை அவிக்காமல் கரகரப்பாக அரைத்துப் பொரிக்கும் முறை இரண்டுக்கும் பொதுவானது.

250 கிராம் கடலையைப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஊறவைக்க வேண்டும். வெயில் காலத்தில் நடுவில் ஒருமுறை நீரை மாற்றாவிட்டால் புளித்துவிடும். ஊறிய கடலையை வடித்து, துணியில் பரப்பி ஒற்றியெடுத்து, ஒரு பெரிய வெங்காயம், நான்கு பல்லு உள்ளி, ஒரு கைப்பிடி கொத்தமல்லி இலை, ஒரு தேக்கரண்டி சின்னச்சீரகம், ஒரு தேக்கரண்டி மல்லி, ஒரு தேக்கரண்டி உப்பு, காரத்துக்கு இரண்டு பச்சை மிளகாய் ஆகியவற்றுடன் ரவை போன்ற பதத்தில் அரைக்க வேண்டும். தண்ணீர் ஒரு துளியும் சேர்க்கக்கூடாது. அரைத்ததை அரை மணித்தியாலம் குளிர்ந்த இடத்தில் வைத்து, பொரிப்பதற்கு முன் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவைக் கலந்து, தேசிக்காய் அளவில் உருட்டிச் சற்றுத் தட்டையாக்க வேண்டும்.

அவித்த கடலையில் செய்தால் உருண்டை எண்ணெய்க்குள் உதிர்ந்துவிடும். பச்சைக் கடலையின் மாச்சத்து எண்ணெய்ச் சூட்டில்தான் முதன்முறையாக இளகி ஒட்டுகிறது. உருண்டையைக் கட்டிப்பிடிப்பது அதுவே. எண்ணெய் 175 பாகையளவில் இருக்க வேண்டும்: கிள்ளிப் போட்ட துண்டு உடனே நுரைத்து மேலே வர வேண்டும், எண்ணெய் புகையக்கூடாது. மூன்று நான்கு நிமிடங்களில் வெளிப்புறம் கபில நிறமாகி மொறுமொறுக்கும். எடுத்ததும் கடதாசியில் பரப்பி வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் அவற்றின் ஆவியே மொறுமொறுப்பைக் கெடுத்துவிடும்.

வேறு உள்ளீடுகள்

மச்சம் உண்பவர்கள் முல்லைத்தீவுக் கரையில் கிடைக்கும் பாரை அல்லது அறக்குளாவை முள் நீக்கிய துண்டுகளாக வெட்டி, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், தேசிக்காய்ச் சாறு பூசிப் பொரித்து வைக்கலாம். ரொட்டியால் மூடிய உணவில் முள் கண்ணுக்குத் தெரியாது என்பதால் சூடை போன்ற முள் மிகுந்த மீனைத் தவிர்க்க வேண்டும். கோழியாக இருந்தால் எலும்பு நீக்கிய துண்டுகளைத் தயிர், உள்ளி, சின்னச்சீரகம் ஆகியவற்றில் ஊறவைத்து, தாச்சியில் நீர் முழுதும் வற்றும்வரை வாட்ட வேண்டும். முதல்நாள் கோழிக்கறி எஞ்சியிருக்கிறதே, அதையே வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே விடைதான்: பிரட்டலாக வற்றியிருந்தால் வைக்கலாம், குழம்பாக இருந்தால் வைக்கக்கூடாது.

கத்தரிக்காய்ப் பிரியர்களுக்கு ஈராக்கிய யூதர்களின் ‘சபீஹ்’ ஒரு நல்ல வழி. 1950–51 ஆண்டுகளில் ஈராக்கை விட்டு இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் சனிக்கிழமைக் காலையுணவிலிருந்து வந்த இந்த உள்ளீட்டில் பொரித்த கத்தரிக்காய், அவித்த முட்டை, ஹம்முஸ், மாங்காய் ஊறுகாய் ஆகியவை இடம்பெறும். மாங்காய் அச்சாறு வீட்டில் உள்ளவர்களுக்கு இதில் புதிதாக வாங்க எதுவும் இல்லை. கத்தரிக்காயை ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் வெட்டி, உப்புத் தூவி, இருபது நிமிடம் கழித்து வெளிவரும் நீரைத் துடைத்துப் பொரித்தால் அது எண்ணெயைக் குறைவாகவே குடிக்கும்.

மரக்கறியும் தயிரும்

சாண்ட்விச்சை நனைத்துக் கெடுக்கும் முதற் குற்றவாளி தக்காளிப்பழம். அதை இரண்டாக வெட்டி, விதையும் சாறும் நிறைந்த பகுதியை விரலால் வழித்து அகற்றிவிட்டு, சதையை மட்டும் சிறு சதுரங்களாக நறுக்க வேண்டும். வழித்த சாற்றை ரசத்துக்கோ சொதிக்கோ வைத்துக்கொள்ளலாம். கெக்கரிக்காயையும் விதை நீக்கி அதே அளவில் நறுக்கி, அரைத் தேக்கரண்டி உப்புப் பிசிறி, பதினைந்து நிமிடம் வடிதட்டில் விட்டுப் பிழிய வேண்டும். வெங்காயத்தை மெல்லியதாகச் சீவித் தேசிக்காய்ச் சாற்றில் ஊறவிட்டால் காரம் தணியும். இவை மூன்றையும் உண்பதற்குச் சற்று முன்னரே கலக்க வேண்டும். கலந்து வைத்த சலாது, உப்பின் இழுப்பினால் தானே நீர் விட்டுக்கொண்டிருக்கும்.

மெல்லியதாகச் சீவிய கோவா தனியே இருக்கட்டும். சலாட் இலை வெயிலில் வாடிவிடும், ஆனால் கோவா மணிக்கணக்கில் மொறுமொறுப்புடன் இருப்பதோடு அதிக நீரும் விடாது. வன்னிக்கு அதுவே சரியான இலை. புளிப்புக்கு, லெபனானில் பீற்றூட் நிறமேற்றிய கிழங்கு ஊறுகாய் வைப்பார்கள். இங்கு கரட்டையும் பீற்றூட்டையும் விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு கோப்பை தண்ணீர், அரைக் கோப்பை வினாகிரி, இரண்டு தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைக் கலந்த நீரில் ஓரிரவு ஊறவிட்டால் போதும்.

தயிர்க் கலவைக்கு முல்லைத்தீவு, வவுனியாப் பக்கங்களில் சட்டியில் கிடைக்கும் எருமைத் தயிரைவிடச் சிறந்ததைத் தேட வேண்டியதில்லை. எருமைப்பாலில் கொழுப்பு 7 முதல் 8 சதவீதம் வரை இருப்பதால் அதன் தயிர் இயல்பிலேயே இறுகியிருக்கும். அப்படியிருந்தும் அதைத் துணியில் கட்டி, குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று மணித்தியாலம் வடியவிட வேண்டும். வடிந்த தயிரில் நசித்த உள்ளி ஒரு பல்லு, உப்பு, சிறிது தேசிக்காய்ச் சாறு, அரிந்த புதினா ஆகியவற்றைக் கலந்தால் கலவை ஆயத்தம். உறைப்பு விரும்புவோர் பச்சை மிளகாய், கொத்தமல்லி இலை, உள்ளி, சின்னச்சீரகம், ஓர் ஏலக்காய் ஆகியவற்றை அம்மியில் அரைத்து, யேமன் நாட்டவர் ‘சஹூக்’ என்று சொல்லும் பச்சைச் சம்பலைச் செய்யலாம். ஏலக்காயை விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள், அதன் மணமே இதனை நமது வழமையான சம்பல்களிலிருந்து வேறுபடுத்துகிறது.

ரொட்டியைத் திறந்து நிரப்புதல்

எல்லாம் ஆயத்தமான பின்னரே ரொட்டியைத் தொட வேண்டும். ஆறிய ரொட்டியைத் திறந்தால் கிழியும். ஆகவே ஒவ்வொன்றையும் காய்ந்த கல்லில் பக்கத்துக்குப் பத்து விநாடி வாட்டிக்கொள்ள வேண்டும். முதல்நாள் ரொட்டியாக இருந்தால் சில துளி தண்ணீர் தெளித்து, மூடிய தாச்சியில் ஒரு நிமிடம் சூடாக்கினால் புதிதுபோலாகும்.

திறப்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ரொட்டியை நடுவால் வெட்டி இரண்டு அரைவட்டப் பைகளாக்குவது எளிது. சிறுவர்களுக்கும் தேநீர் நேர விருந்துக்கும் அது பொருத்தம். முழு உணவாக உண்பதற்கு, மேல் விளிம்பிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கீற்றை வெட்டியெடுத்து, எஞ்சியதை ஒரே ஆழமான பையாக வைத்துக்கொள்வதே மேல். எவ்வாறாயினும், கூரான கத்தியை உள்ளே செலுத்தக்கூடாது. விரலையோ கரண்டிக் காம்பையோ நுழைத்து, ஓரங்களை நோக்கி மெதுவாக நகர்த்திப் படைகளைப் பிரிக்க வேண்டும். பிரித்ததும் இரண்டு சுவர்களையும் விரலால் தடவிப் பார்த்தால் ஒன்று மற்றதைவிட மெல்லியதாக இருப்பது தெரியும். நிரப்பும்போது தடித்த சுவர் உள்ளங்கைப் பக்கம் இருக்க வேண்டும், ஏனெனில் உள்ளீட்டின் பாரம் அதன்மேல்தான் சாயும்.

வெட்டியெடுத்த கீற்றை எறிந்துவிடாமல் மடித்துப் பையின் அடியில் திணிக்க வேண்டும். கசிந்து கீழிறங்கும் சாறு அனைத்தையும் அது உறிஞ்சிக்கொள்ளும். அடி கிழியாமல் இருப்பதற்கு இதைவிட எளிய காப்பு இல்லை. கடைசிக் கடியில் எல்லாச் சுவையும் ஊறிய அந்தத் துண்டுக்காகவே காத்திருப்பவர்களும் உண்டு.

அடுத்து, இரண்டு மேசைக்கரண்டி ஹம்முஸை உட்சுவர்கள் இரண்டிலும், அடிவரை எட்டும்படி தடவ வேண்டும். இடைவெளி விட்ட இடத்திலேயே ரொட்டி நனையும். அதன்மேல் அடியில் ஒரு கைப்பிடி கோவா. பின்னர் இரண்டு ஃபலாஃபலை வைத்து விரலால் சற்று உடைக்க வேண்டும். முழு உருண்டையாக விட்டால் ஒரே கடியில் அது வெளியே உருண்டு விழும், உடைத்தால் ஹம்முஸில் ஒட்டி நிற்கும். மேலே ஒரு மேசைக்கரண்டி சலாது, ஒரு தேக்கரண்டி தயிர்க் கலவை. இத்துடன் பை பாதி நிறைந்திருக்கும். இதே ஒழுங்கில் இன்னொரு சுற்று: கோவா, இரண்டு ஃபலாஃபல், சலாது, தயிர். உச்சியில் ஊறுகாய்த் துண்டுகள் இரண்டு, சஹூக் சிறிது.

ஒரு பொருளை முழுதும் இட்ட பின்னரே அடுத்ததை இடும் பழக்கம் பலரிடம் உண்டு. அப்படிச் செய்தால் முதற் கடியில் சலாது மட்டும் வரும், கடைசியில் காய்ந்த ஃபலாஃபல் மட்டும் எஞ்சும். இரண்டு சுற்றாக நிரப்புவதற்குக் கூடுதலாக அரை நிமிடம்கூட ஆகாது. தயிரை உச்சியில் தாராளமாக ஊற்றுவதும் கண்ணுக்கு அழகாக இருந்தாலும் வேண்டாத வேலை. அது கீழிறங்காமல் கையில்தான் வழியும். படைகளுக்கிடையில் சிறிது சிறிதாக இடும் தயிரே உள்ளீட்டைப் பிணைக்கும்.

மேல் விளிம்பில் இரண்டு சென்ரிமீற்றராவது வெறுமையாக விட வேண்டும். நிரம்பி வழியும் சாண்ட்விச் தாராள மனத்தைக் காட்டலாம், ஆனால் முதற் கடியிலேயே பக்கவாட்டில் வெடிக்கும். மீனோ கோழியோ வைத்தாலும் இதே ஒழுங்குதான். கத்தரிக்காய்க்கு மட்டும் ஒரு மாற்றம் உண்டு: துண்டுகள் தட்டையாக இருப்பதால் அவற்றைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, வட்டமாக வெட்டிய முட்டையை நடுவில் வைக்க வேண்டும்.

நிரப்பிய ரொட்டியின் கீழ்ப் பாதியை எண்ணெய்க் கடதாசியில் இறுகச் சுற்றி, கடதாசியின் அடியை உள்மடித்து விட்டால் பிடிப்பதற்கு எளிது. நேராக நிமிர்த்திப் பிடித்து, ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்குக் கடித்து, உண்ண உண்ணக் கடதாசியைக் கீழே இறக்கிக்கொள்ள வேண்டும்.

கட்டிக்கொண்டு போவதற்கு

வயலுக்கோ பாடசாலைக்கோ ஏ9 வீதியில் நீண்ட பயணத்துக்கோ கொண்டுபோவதானால், நிரப்பிய ரொட்டியைக் கட்டக்கூடாது. ரொட்டியை வாட்டிய வாழையிலையிலோ துணியிலோ சுற்றி, ஹம்முஸ், ஃபலாஃபல், கோவா, நறுக்கிய மரக்கறி ஆகியவற்றைத் தனித்தனிப் பெட்டிகளில் இட்டு, உண்ணும் இடத்தில் நிரப்புவதே முறை. சமைத்த உணவை அறைவெப்பத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேலும், 32 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் வைக்கக்கூடாது என்பது பொதுவான உணவுப் பாதுகாப்பு விதி. வன்னியின் பகல் வெப்பம் ஆண்டின் பெரும்பகுதியில் இந்த இரண்டாம் வரையறைக்குள்தான் வருகிறது. ஆகவே பனிக்கட்டி வைத்த பெட்டி இல்லாத பயணங்களில் தயிர், கோழி, மீன், முட்டை ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். ஹம்முஸையும் ஃபலாஃபலையும் புறப்படும் நேரத்தில் செய்து, முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் உண்ண வேண்டும். அதைவிடத் தூரமான பயணத்துக்குக் கச்சான் விழுது தடவிய ரொட்டி, வினாகிரியில் ஊறிய கரட், தேசிக்காய் ஊறுகாய் ஆகியவை போதும்.

எஞ்சிய ரொட்டிகளை ஆறிய பின்னர் காற்றுப் புகாத பையில் இட்டு உறைநிலைப் பெட்டியில் வைத்தால் ஒரு மாதம் வரை கெடாது. ஃபலாஃபல் அரைப்பை அப்பச்சோடா சேர்க்காமல் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் வைத்திருக்கலாம். மறுநாள் அதில் நீர் கசிந்திருந்தால் ஒரு மேசைக்கரண்டி கடலை மாவைக் கலந்து, பதம் பார்த்து, முதலில் ஒன்றை மட்டும் பொரித்து, உதிராமல் நின்றால் மீதியை உருட்ட வேண்டும்.